நைஜீரியாவுக்கு பம்ப் அனுப்பலாமா? 22 கோடி பேரில் ஒரு சதவீதம் போதுமே

2024 மார்ச் 2, மாலை 6.15 (கேள்வி)

கோவை கணபதியில் எங்களுக்குச் சின்ன பம்ப் பட்டறை இருக்கிறது. அப்பா ஆரம்பித்தது. போர்வெல் சப்மெர்சிபிள், ஓபன்வெல், மோனோபிளாக் மூன்றும் செய்கிறோம். உள்ளூரில் ராஜ்கோட் சரக்கோடு விலையில் மோத முடியவில்லை. நைஜீரியாவின் லேகாஸ் நகரிலிருந்து ஒருவர் இருபதடி கன்டெய்னர் ஒன்று கேட்கிறார். 30 சதவீதம் அட்வான்ஸ், மீதி 120 நாளில் என்கிறார். நைஜீரியாவில் 22 கோடி பேர் இருக்கிறார்கள். அதில் ஒரு சதவீதம் நம்மிடம் வாங்கினாலே நம் பட்டறை பத்து வருடம் ஓடும். அனுபவம் உள்ளவர்கள் சொல்லுங்கள், அனுப்பலாமா?

2024 மார்ச் 2, இரவு 10.40

அனுப்பாதீர்கள் தம்பி. புரொஃபார்மா இன்வாய்ஸ் (முன் விலைப்பட்டியல்) இன்னும் போகவில்லை என்றால் அப்படியே நிறுத்தி வையுங்கள்.

நானும் இதே தொழில்தான், சிங்காநல்லூர் பக்கம். 2022 ஜனவரியில் எங்கள் முதல் கன்டெய்னர் தூத்துக்குடியிலிருந்து லேகாஸ் போனது. நீங்கள் போட்டிருக்கும் கணக்கை நானும் போட்டேன், அதே ஒரு சதவீதம். இன்றைக்கு மூன்றாவது கன்டெய்னரின் பணத்தில் பாதி அங்கேயே நிற்கிறது. டீலர் ஏமாற்றிவிட்டார். கடனுக்கு ஒரு நட்டு கூடக் கொடுக்காதீர்கள்.

2024 மார்ச் 3, காலை 7.05

நேற்று ராத்திரி கோபத்தில் எழுதிவிட்டேன். தூங்கி எழுந்து படித்தால் எனக்கே திருப்தியாக இல்லை. டீலர் விஷயத்தைப் பிறகு சொல்கிறேன், அது நான் எழுதிய மாதிரி அவ்வளவு நேரானது இல்லை. முதலில் அந்த 22 கோடியைப் பார்ப்போம்.

22 கோடிப் பேர் பம்ப் வாங்குவதில்லை. சொந்தமாக போர் போட்டு, தண்ணீரை மேலே ஏற்ற வேண்டிய வீடுதான் வாங்கும். லேகாஸில் அப்படிப்பட்ட வீடு நிறைய இருக்கிறது, அது உண்மை. பெரும்பாலான தெருக்களுக்குக் குழாய்த் தண்ணீர் போவதில்லை. வீடு கட்டுகிறவர் முதலில் போர் போடுகிறார், இரும்பிலோ கான்கிரீட்டிலோ ஸ்டாண்டு எழுப்பி அதன்மேல் பிளாஸ்டிக் டேங்க் வைக்கிறார். அதனால் சந்தை இருக்கிறதா என்று கேட்டால் இருக்கிறது. நம் பம்ப்புக்கு இருக்கிறதா என்பதை நான் கேட்கவில்லை.

நம் ஊர் பாறை பூமி. ஆயிரம் அடி போட்டு, எங்கோ ஒரு வெடிப்பில் கசியும் தண்ணீரை மேலே தள்ள வேண்டும். அதற்கென்றே ஸ்டேஜ் (தண்ணீரை அழுத்தி மேலே தள்ளும் அடுக்கு) மேல் ஸ்டேஜாக அடுக்கி, கொஞ்சம் தண்ணீரை வெகு உயரம் தூக்குகிற பம்ப்பைப் பழகி வைத்திருக்கிறோம். லேகாஸ் கடலோர மணல் பூமி. தண்ணீர் மேலேயே கிடைக்கும், கூடவே மணலும் வரும். நான் அனுப்பியது ஒரு எச்பி, ஒன்றரை எச்பி, இருபது ஸ்டேஜ் பம்ப்புகள். என் பட்டறையில் நன்றாக விற்கிற சரக்கு என்பதால் அதையே அனுப்பினேன். விற்ற சில போக, மீதி பத்து மாதம் கடையில் அட்டைப்பெட்டி பிரிக்காமல் கிடந்தது.

2024 மார்ச் 3, மதியம் 2.30

காலையில் எழுதியதோடு இதையும் சேர்த்துப் படியுங்கள். 2022 நவம்பரில் நேரில் போனேன். முதல் கன்டெய்னருக்கு முன்னால் போயிருக்க வேண்டிய பயணம் அது.

ஒரிலே பக்கம் கட்டுமானச் சாமான் கடைகள் வரிசையாக இருக்கின்றன. எங்கள் டீலரின் கடையில் ஒரு ஸ்டூலில் நாலு நாள் உட்கார்ந்தேன். அங்கே பம்ப்பைப் பம்ப் என்று யாரும் சொல்வதில்லை, பம்பிங் மெஷின். சப்மெர்சிபிளுக்கு சுமோ என்று பெயர். இரண்டாம் நாள் ஒரு ஆள் வந்தார், எங்கள் பெட்டியைப் பிரித்து பம்ப்பைக் கையில் தூக்கிப் பார்த்தார். எச்பி கேட்பார், ஹெட் (எவ்வளவு உயரம் ஏற்றும்) கேட்பார் என்று நான் பதிலோடு நின்றேன். அவர் கேட்டது ஒன்றுதான்: "இது எந்த ஜெனரேட்டரில் ஓடும்?"

எனக்குப் பதில் தெரியவில்லை. டீலரிடம் வேலை செய்யும் பையன் ஏதோ சொல்லிச் சமாளித்தான். அந்த ஆள் பம்ப்பைக் கீழே வைத்துவிட்டுப் பக்கத்துக் கடைக்குப் போய்விட்டார். அதன் பிறகு கவனித்தேன். வந்த பத்துப் பேரில் ஏழெட்டுப் பேர் அதையேதான் கேட்டார்கள்.

அங்கே கரண்டை இன்னும் நேபா என்றுதான் சொல்கிறார்கள். அது பழைய அரசு மின்வாரியத்தின் பெயர். வாரியம் பெயர் மாறி, பிரிக்கப்பட்டு, 2013 இல் தனியாரிடமும் போய்விட்டது, மக்கள் வாயில் மட்டும் நேபா அப்படியே இருக்கிறது. நான் கடையில் இருந்தபோது ஒருநாள் சாயங்காலம் கரண்ட் வந்தது. தெரு முழுக்கச் சின்னப் பிள்ளைகள் "அப் நேபா!" என்று கத்தின. டீலரும் சிரித்துக்கொண்டே போய் ஜெனரேட்டரை அணைத்தார். நாற்பது நிமிஷத்தில் மறுபடி போய்விட்டது.

நடைபாதையில் வைத்து ஓட்டுகிற குட்டி ஜெனரேட்டருக்கு அங்கே "ஐ பெட்டர் பாஸ் மை நெய்பர்" என்று பெயர், பக்கத்து வீட்டுக்காரனைவிட நான் மேல் என்று அர்த்தம். ஒரு கிலோவாட் கூடத் தராது. ஒரு எச்பி மோட்டார் ஓடுவதற்கே ஒரு கிலோவாட்டுக்கு மேல் இழுக்கும், ஸ்டார்ட் ஆகும்போது அதைப்போலப் பல மடங்கு கேட்கும். கொஞ்சம் வசதியான வீட்டில் இரண்டரை கேவிஏ ஜெனரேட்டர் இருக்கும். நம் பம்ப் அதில் உறுமும், சுற்றாது.

ஊர் திரும்பியதும் முதல் வேலையாக இரண்டரை கேவிஏ பெட்ரோல் ஜெனரேட்டர் ஒன்று வாங்கினேன். ஷிஃப்ட் முடிந்த பிறகு பட்டறைத் தொட்டியில் ஒவ்வொரு மாடலையும் இறக்கி அதில் மாட்டிப் பார்த்தோம். ஒரு எச்பி போட்டால் டியூப்லைட் மங்கும், ஜெனரேட்டர் மூச்சு வாங்கும், மோட்டார் ம்ம்ம் என்று நிற்கும். முக்கால் எச்பி இரண்டு தடவைக்கு ஒரு தடவை எடுத்தது. அரை எச்பி, ஸ்டேஜைக் குறைத்து கெபாசிட்டர் மாற்றிய பிறகு, ஒவ்வொரு தடவையும் எடுத்தது. 2023 மார்ச்சில் அந்த அரை எச்பியைத்தான் அனுப்பினோம். அந்த கன்டெய்னர் இரண்டே மாதத்தில் தீர்ந்தது.

2024 மார்ச் 5, இரவு 9.20

ஏற்றுமதிப் பேப்பர் பற்றிக் கேட்டிருக்கிறீர்கள். சுருக்கமாகச் சொல்கிறேன், ஏற்றுமதி ஏஜென்ட் விவரமாகச் சொல்வார்.

வாங்குகிறவர் அங்கே தன் வங்கி வழியாக ஃபாரம் எம் என்ற இறக்குமதிப் படிவத்தைத் திறக்க வேண்டும். கப்பலில் ஏற்றுவதற்கு முன்பே திறக்க வேண்டும். நம் பக்கத்தில் சோன்கேப் சான்றிதழ். அவர்களுடைய தரநிர்ணய அமைப்புக்காக, அங்கீகாரம் பெற்ற சோதனை நிறுவனம் நம் சரக்கைப் பார்த்துப் பொருள் சான்றிதழ் கொடுக்கும், அதை வைத்து ஒவ்வொரு ஷிப்மென்ட்டுக்கும் தனியாக வாங்க வேண்டும். இந்த இரண்டும் இல்லாமல் சரக்கு துறைமுகத்தை விட்டு வெளியே வராது.

முதல் கன்டெய்னரில் நான் செய்த தப்பைச் சொல்லிவிடுகிறேன். பம்ப்புக்குச் சான்றிதழ் வாங்கினேன். கூடவே பேனல் போர்டு (பம்ப்பை ஆன், ஆஃப் செய்யும் பெட்டி) இருநூறு வைத்தேன். பம்ப்போடு போகிற சாமான்தானே, தனியாக என்ன வேண்டும் என்று விட்டுவிட்டேன். பேனல் போர்டு வேறு எச்எஸ் கோடு (சுங்கத்தில் சரக்கு வகைக்கான எண்), வேறு பொருள். அந்த இருநூறு பெட்டிக்காக மொத்தக் கன்டெய்னரும் நின்றது. டெமரேஜ் (துறைமுகத்தில் கிடந்ததற்கான கட்டணம்) ஒரு பக்கம், கப்பல் கம்பெனியின் கன்டெய்னர் வாடகை ஒரு பக்கம். பேனல் போர்டின் விலையைவிட அது அதிகம். தப்பு முழுக்க என்னுடையது. உங்கள் பேக்கிங் லிஸ்டை ஒவ்வொரு வரியாகப் படித்து, இதற்குச் சான்றிதழ் இருக்கிறதா என்று டிக் போடுங்கள். கயிறு, கேபிள், கிளாம்ப் வரைக்கும்.

2024 மார்ச் 6, காலை 6.50

மறந்துவிட்டேன். நேரில் போவதாக இருந்தால் மஞ்சள் காய்ச்சல் ஊசி கட்டாயம். கிண்டி கிங் இன்ஸ்டிட்யூட்டில் போடுகிறார்கள். போட்டுப் பத்து நாள் கழித்துத்தான் அந்த மஞ்சள் அட்டை செல்லும். அட்டை இல்லாமல் போனால் திரும்பி வரும்போது நம் ஊர் விமான நிலையத்தில் பிடித்துத் தனியாக வைத்துவிடுவார்கள். டிக்கெட்டுக்கு முன்னால் ஊசி.

2024 மார்ச் 10, இரவு 11.15

டீலர் விஷயம். ஒரு வாரமாக எழுதலாமா வேண்டாமா என்று யோசித்தேன். ஏமாற்றிவிட்டார் என்று முதல் நாள் எழுதியது அநியாயம். இங்கேயே திருத்திக்கொள்கிறேன்.

நடந்தது இது. 2023 செப்டம்பரில் மூன்றாவது கன்டெய்னர் போனது, 120 நாள் கடன். அப்போது ஒரு டாலருக்கு அவர்கள் நாணயமான நைரா அதிகாரபூர்வமாக 800க்குக் கீழே. (அதற்கு முன்பு, 2023 ஜூனில் நைரா விலைமீதான அரசுக் கட்டுப்பாட்டை எடுப்பதற்கு முன், 470 பக்கம் இருந்தது.) டீலர் அந்த விலையை மனதில் வைத்து அரை எச்பியை நைராவில் விற்றார். சரக்கு நன்றாகவே விற்றது. கையில் நைரா மூட்டை இருக்கிறது. எனக்குக் கொடுக்க வேண்டிய நாள் வரும்போது 2024 பிப்ரவரி, டாலர் 1,500 நைராவைத் தாண்டிவிட்டது. விற்ற காசு அத்தனையும் போட்டாலும் எனக்குச் சேர வேண்டிய டாலரில் பாதிதான் வாங்க முடியும். அவர் அனுப்பியதும் சரியாக அந்தப் பாதிதான். ஒரு நைரா ஒளிக்கவில்லை. நான்தான் கணக்குப் போடாமல் அவர் மேல் பாய்ந்தேன்.

இதில் இன்னொன்று, நான் கண்ணால் பார்த்தும் படிக்காமல் விட்டது. அவர் அனுப்பிய ஃபாரம் எம் நகலில் ஒரு இடத்தில் அந்நியச் செலாவணிக்குச் செல்லாது என்று இருந்தது. ஃபாரம் எம் இரண்டு வகை. செல்லும் என்றால் அங்குள்ள வங்கி டாலர் கொடுத்து நமக்கு அனுப்பும். செல்லாது என்றால் வாங்குகிறவர் டாலரை எங்கிருந்தாவது தானே திரட்ட வேண்டும். சரக்கு உள்ளே போக இரண்டும் போதும், பணம் வெளியே வர ஒன்றுதான் உதவும். ஏஜென்ட் ஓகே என்றார், நானும் ஓகே என்றேன்.

துபாயில் தெரிந்தவர் ஒருவர் மூலம் மீதியை அனுப்பட்டுமா என்று டீலர் கேட்டார். எங்கள் வங்கியில் போய் நின்றேன். வாங்கியவர் ஒருவர், பணம் அனுப்புகிறவர் வேறொருவர் என்றால் மூன்று தரப்பும் கையெழுத்திட்ட ஒப்பந்தம் எங்கே, ஆர்டரிலேயே அவர் பெயர் இருக்கிறதா என்று கேட்டார்கள். நியாயமான கேள்வி. சரக்கு கப்பலேறி ஆறு மாதம் கழித்து அதை எங்கே போய் உண்டாக்குவது?

இசிஜிசி (ஏற்றுமதிக் கடன் காப்பீடு) எடுத்தீர்களா என்று கேட்பீர்கள். முதல் இரண்டுக்கு எடுத்தேன். மூன்றாவதுக்கு, பழகிய ஆள்தானே என்று விட்டேன். நீங்கள் விடாதீர்கள். வாங்கியவர் திவாலானால் மட்டும் இல்லை, அவரிடம் காசு இருந்தும் அவர் நாட்டிலிருந்து டாலர் வெளியே வர வழி இல்லை என்றாலும் அந்தக் காப்பீடு பேசும். முழுத் தொகையும் வராது, ஒரு பங்கு நம் தலையில்தான். ஆனாலும் ராத்திரி தூக்கம் வரும்.

2024 மார்ச் 11, மாலை 5.40

திருப்பூர் நண்பர் பனியன், டி-ஷர்ட் அனுப்பலாமா என்று கேட்டிருக்கிறார். எனக்குத் துணி தெரியாது. தெரிந்த ஒன்றை மட்டும் சொல்கிறேன். 2015 ஜூனில் அந்த நாட்டு மத்திய வங்கி 41 வகைச் சரக்குகளைப் பட்டியல் போட்டு, இவற்றுக்கு வங்கியில் டாலர் கிடையாது என்று சொன்னது. அரிசி, சிமென்ட், பல்குச்சி, துணி, ஆயத்த உடை, இரும்புக் குழாய், இந்திய ஊதுபத்தி வரைக்கும் அதில் இருந்தது. இறக்குமதிக்குத் தடை இல்லை, டாலர் மட்டும் கிடையாது. 2023 அக்டோபரில்தான் எடுத்தார்கள். எட்டு வருடம். ஒரு சுற்றறிக்கையில் நம் சரக்கு அந்தப் பட்டியலுக்குள் போய்விட முடியும் என்பதை மனதில் வைத்துக்கொண்டு விலை போடுங்கள். அப்புறம், பழைய துணிக்கு அங்கே ஒக்ரிகா என்று பெயர், பெரிய வியாபாரம். உங்கள் டி-ஷர்ட் மோத வேண்டியது அதனோடுதான்.

2024 மார்ச் 17, காலை 10.00

"இந்தியர்கள் அங்கே கொடிகட்டிப் பறக்கிறார்களே, நீங்கள் ஏன் பயமுறுத்துகிறீர்கள்" என்று ஒருவர். பயமுறுத்தவில்லை. பறக்கிறவர்கள் எப்படிப் பறந்தார்கள் என்று பாருங்கள்.

டோலாராம் குழுமம், சிந்திக் குடும்பம், தலைமையிடம் சிங்கப்பூர். 1988 இல் இந்தோமி நூடுல்ஸைக் கொண்டுபோய் இறக்கினார்கள். அது இந்தோனேசியச் சரக்கு. அந்த ஊரில் அதுவரை நூடுல்ஸ் சாப்பிட்டுப் பழக்கமே இல்லை. ஏழு வருடம் இறக்குமதி செய்தே விற்று, 1995 இல்தான் அங்கேயே தொழிற்சாலை போட்டார்கள். இன்றைக்கு எந்த நூடுல்ஸாக இருந்தாலும் அங்கே இந்தோமிதான். துறைமுகம் நெரிசல் என்று அழுதுகொண்டிருக்காமல், சீனக் கம்பெனியோடு சேர்ந்து லெக்கியில் புதுத் துறைமுகமே கட்டிவிட்டார்கள், 2023 இல் திறந்தது. முப்பத்தைந்து வருட உழைப்பு.

மறுபக்கமும் பாருங்கள். பஜாஜ் பாக்ஸர் அங்கே ஒகாடா என்கிற பைக் டாக்ஸியாக ஊர் முழுக்க ஓடியது. 2020 இல் லேகாஸ் மாநில அரசு முக்கியப் பகுதிகளில் ஒகாடாவையே தடை செய்தது. பிறகு நைரா விழுந்ததும் ஏற்றுமதியே சுருங்கியது. பிராக்டர் அண்ட் கேம்பிள் 2023 டிசம்பரில் இனி அங்கே உற்பத்தி இல்லை, இறக்குமதி மட்டும்தான் என்று அறிவித்தது. அவர்களுக்கு 22 கோடி என்ற எண் தெரியாமலா?

2024 ஏப்ரல் 18, இரவு 8.10

நைரா எழுந்திருக்கிறது. டாலர் 1,200க்குக் கீழே வந்துவிட்டது. டீலர் மீதியில் இன்னொரு பகுதியை அனுப்பினார், காலையில் கணக்கில் வந்தது. போனில் அவர் குரலே மாறியிருந்தது.

தம்பி, "அப்படியானால் இப்போது அனுப்பலாமா" என்று தனியாகக் கேட்டிருந்தீர்கள். இங்கேயே சொல்கிறேன்: ஒரு கன்டெய்னர் இல்லாமல் நூறு பம்ப் அனுப்பிப் பாருங்கள், கூட்டு கன்டெய்னரில் போகும். நைரா இப்படியே நின்றால் தீபாவளிக்கு முன் முழுக் கன்டெய்னர் யோசிக்கலாம்.

2024 மே 26, மதியம் 12.20

ஏப்ரலில் எழுதியதன் கடைசி வரியை எடுத்துவிடுங்கள். ஒரே மாதத்தில் மறுபடி 1,450ஐத் தாண்டிவிட்டது. நைராவைப் பார்த்து முடிவெடுக்கச் சொன்னது என் தப்பு. அது ஏறும், இறங்கும், நம்மிடம் கேட்காது. நூறு பம்ப் என்று சொன்னது மட்டும் நிற்கட்டும்.

சோலார் பற்றிக் கேட்டவருக்கு: 2023 மே 29 அன்று புது ஜனாதிபதி பதவியேற்ற அன்றே பெட்ரோல் மானியம் போனது. லிட்டர் 200 நைராவுக்குள் இருந்தது சில நாளில் 500 பக்கம் போனது. ஜெனரேட்டர் ஓட்டுவது வீட்டுக்காரர்களுக்குப் பெரிய பாரமாகிவிட்டது. இப்போது கடைக்கு வருகிறவர்கள் "எந்த இன்வெர்ட்டரில் ஓடும்" என்று கேட்க ஆரம்பித்துவிட்டதாக டீலர் சொல்கிறார். கேள்வி மாறிவிட்டது பார்த்தீர்களா? நான் ஜெனரேட்டரோடு பட்டறையில் உட்கார்ந்து சரிசெய்தது இரண்டு வருடம்கூட நிற்கவில்லை. இப்போது இன்வெர்ட்டர் வாங்கி வைத்துச் சோதிக்கிறோம்.

2024 ஜூன் 12, இரவு 9.45

இன்று வங்கியிலிருந்து போன். 2024இல் உள்ள விதிப்படி ஏற்றுமதிப் பணம் ஒன்பது மாதத்துக்குள் உள்ளே வந்தாக வேண்டும், செப்டம்பர் கன்டெய்னரின் ஷிப்பிங் பில் (சுங்க ஏற்றுமதிப் பத்திரம்) இடிபிஎம்எஸ்ஸில், அதாவது ஏற்றுமதிப் பணம் வந்ததா என்று கண்காணிக்கும் ரிசர்வ் வங்கியின் கணினிப் பதிவில், திறந்தே நிற்கிறது என்றார்கள். நீட்டிப்புக்கு எழுதிக் கொடுத்தேன். டீலர் இதுவரை அனுப்பியது, மீதிக்கு அவர் எழுதிய கடிதம், எல்லாம் வைத்தேன். கொடுப்பார்கள் என்று நினைக்கிறேன்.

கடன் கொடுக்கும்போது 120 நாள் என்று மனதில் ஓடும். அது நமக்கும் டீலருக்கும் உள்ள கணக்கு. வங்கியோடு உள்ள கணக்கு வேறு கடிகாரத்தில் ஓடுகிறது.

2024 ஆகஸ்ட் 4, காலை 11.30

இன்று ஞாயிறு, நேரம் இருக்கிறது. இதுவரை சொல்லாத ஒன்றைச் சொல்ல வேண்டும். சொல்லியதிலேயே இதுதான் முக்கியம் என்று இப்போது தோன்றுகிறது.

நான் கடையில் உட்கார்ந்திருந்தபோது சமாளித்த அந்தப் பையனைப் பற்றி எழுதினேன் அல்லவா? டீலர் இக்போ இனத்தவர். அவர்களிடம் ஒரு வழக்கம் இருக்கிறது. ஒரு பையன் ஐந்தாறு வருடம், சில இடத்தில் ஏழு வருடம், முதலாளி வீட்டிலேயே தங்கி, சம்பளம் இல்லாமல் தொழில் பழகுவான். முதலாளிக்கு ஒகா என்று பெயர். காலம் முடிந்ததும் ஒகா அவனுக்கு முதல் போட்டுத் தனிக்கடை வைத்துக் கொடுக்க வேண்டும். சந்தையில் பாதிக் கடைகள் இப்படி ஒரு கடையிலிருந்து பிரிந்தவைதான். நம் ஊரில் ஒரு ஃபவுண்டரியிலிருந்து பத்து ஃபவுண்டரி பிறந்த மாதிரி.

நாலாம் நாள் அவன் என்னைப் பின்பக்கம் கூட்டிப்போனான். திரும்பி வந்த எங்கள் பம்ப் ஒன்றைப் பிரித்து வைத்திருந்தான். நோரில் பிளாஸ்டிக் இம்பெல்லர்களை (தண்ணீரைத் தள்ளும் சக்கரங்கள்) ஒவ்வொன்றாக எடுத்துத் தட்டினான். ஈர மணல், நல்ல வெள்ளை மணல், ஒரு கைப்பிடி சிமென்ட் தரையில் விழுந்தது. இம்பெல்லரின் விளிம்பு கத்தி மாதிரி தேய்ந்திருந்தது. "எங்கள் தண்ணீர் இப்படித்தான். உங்கள் மெஷினுக்குள் வழி ரொம்பக் குறுகல்" என்றான். என் டிசைனர் சொல்லாததை அவன் சொன்னான்.

இன்னொரு மோட்டாரில் காயில் எரிந்திருந்தது. கம்பி கேஜ் என்ன, எத்தனை சுற்று என்று அவனுக்குத் தெரியாது. பழைய கம்பியை அறுத்து எண்ணிக்கொண்டிருந்தான். எனக்கு வெட்கமாகப் போய்விட்டது. நம் ஊரில் எந்த ரீவைண்டிங் கடையிலும் நம் மோட்டாரின் வைண்டிங் டேட்டா சுவரில் ஒட்டியிருக்கும். அங்கே 22 கோடிப் பேர் ஊரில் ஒருவரிடமும் கிடையாது.

ஊர் வந்ததும் அரை எச்பியில் தண்ணீர் வழியை அகலப்படுத்தினோம், மணல் தாங்கும்படி. வைண்டிங் டேட்டாவை ஒரு பக்கத் தாளாக அச்சடித்து லேமினேஷன் போட்டோம். இரண்டாவது கன்டெய்னரில் அந்தத் தாள் ஐம்பதும், மெக்கானிக்கல் சீல், கெபாசிட்டர், இம்பெல்லர் செட்டும் விலை போடாமல் வைத்து அனுப்பினோம். இந்தத் தடவை எல்லாவற்றுக்கும் பேப்பர் சரியாக இருந்தது. அந்தப் பையன் பக்கத்துத் தெருக்களில் உள்ள ரீவைண்டிங் கடைகளுக்கு அதைக் கொண்டுபோய்க் கொடுத்தான். இரண்டு மாதத்தில் தீர்ந்ததற்கு எச்பியைக் குறைத்தது மட்டும் காரணம் என்று மார்ச்சில் எழுதியிருந்தேன். இப்போது அப்படி நினைக்கவில்லை. பழுது பார்க்கிறவன் "இதை வாங்கு, என்னால் சரிசெய்ய முடியும்" என்று சொன்னதுதான் காரணம்.

டீலர் ஏன் இன்னும் விடாமல் கொஞ்சம் கொஞ்சமாக அனுப்புகிறார் என்பதும் எனக்கு இப்போதுதான் புரிகிறது. அவருக்கு இந்தச் சரக்கு தொடர்ந்து வேண்டும், அவர் பையனுக்கும் வேண்டும்.

2024 ஆகஸ்ட் 4, இரவு 7.00

ஒரு திருத்தம். காலையில் படித்துவிட்டு சேலத்து நண்பர் ஒருவர் கேட்டார், நைஜீரியா முழுக்க மணல் பூமியா என்று. இல்லை. நான் சொன்னதெல்லாம் லேகாஸுக்கும் கடலோரத்துக்கும்தான். வடக்கே கடுனா, கானோ, ஜோஸ் பக்கம் பெரும்பாலும் நம் ஊர் மாதிரி கடினப் பாறை. லேகாஸில் பெட்டி பிரிக்காமல் கிடந்த என் ஒன்றரை எச்பிகள் கடைசியில் எங்கே போயின என்றால், டீலர் லாரியில் ஏற்றிக் கானோவில் ஒரு வியாபாரிக்குத் தள்ளிவிட்டார். அங்கே விற்றுவிட்டன. ஆற்றங்கரை வயல்களுக்கு, அதை அங்கே ஃபதாமா என்கிறார்கள், என் பம்ப் உதவாது. அங்கே பெட்ரோல் எஞ்சின் பம்ப்தான் ஓடுகிறது.

ஒரு நாடு என்று நினைத்துச் சரக்கு அனுப்பினேன். பூமி வேறு, மொழி வேறு, கானோ வியாபாரி ஹௌசா, லேகாஸ் சந்தையில் யொரூபாவும் இக்போவும். எந்த ஊருக்கு அனுப்புகிறோம் என்று பெயர் சொல்லிக் கேளுங்கள், நாட்டின் பெயரைச் சொல்லாதீர்கள்.

2024 அக்டோபர் 20, இரவு 10.05

தம்பி ஊசி போட்டுக்கொண்டு போய் வந்துவிட்டார்! ஒன்பது நாள். அவர் எழுதியதை அப்படியே இங்கே போடுகிறேன்:

"அண்ணா, கன்டெய்னர் கேட்டவரின் கடைக்குப் போனேன். கடை இருக்கிறது, நல்ல மனிதர்தான். ஆனால் அவர் விற்பது டைல்ஸ். பம்ப் பழுது பார்க்க அவரிடம் ஆளே இல்லை. நீங்கள் சொன்ன தெருவில் ஒரு ரீவைண்டிங் கடையில் இரண்டு நாள் உட்கார்ந்தேன். அந்த ஜெனரேட்டர் கேள்வியை நானும் கேட்டேன், இன்வெர்ட்டர் கேள்வியையும் கேட்டேன். கன்டெய்னர் வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். 60 பம்ப், முழுப் பணமும் முன்னால், என்று அந்த ரீவைண்டிங் கடைக்காரரோடு பேசியிருக்கிறேன். அப்பா இதற்கா இவ்வளவு தூரம் போனாய் என்று கேட்கிறார்."

அப்பாவிடம் சொல்லுங்கள், 60 பம்ப்புக்கு 60 பதில் வரும். அதற்குத்தான்.

பெட்டி லேபிள் பற்றிக் கேட்டீர்கள். எச்பியைச் சின்னதாகப் போடுங்கள். பெரிய எழுத்தில், குறைந்தபட்சம் எத்தனை கேவிஏ ஜெனரேட்டர், எத்தனை கேவிஏ இன்வெர்ட்டர் என்று போடுங்கள், பட்டறையில் ஓட்டிப் பார்த்த பிறகு மட்டும். பிளக் அங்கே தடித்த சதுரமான மூன்று கால், பிரிட்டிஷ் பிளக். நம்முடைய உருண்டைக் கால் அங்கே நுழையாது. மாற்றி அனுப்புங்கள்.

2024 நவம்பர் 24, மாலை 4.30

செப்டம்பர் கன்டெய்னரில் கடைசி எட்டு சதவீதம் பாக்கி. வங்கி நீட்டிப்பு கொடுத்திருக்கிறது.

அந்தப் பையனுக்குக் காலம் முடிந்துவிட்டது. ஒகா தனிக்கடை வைத்துக் கொடுத்திருக்கிறார், அதே தெருவில் நாலு கடை தள்ளி. போன வாரம் வீடியோவில் காட்டினான். சுவரில் எங்கள் லேமினேஷன் தாள் தொங்குகிறது. நாற்பது அரை எச்பி கேட்டிருக்கிறான். டாலர் 1,600 நைராவையும் தாண்டி நிற்கிறதே, யோசித்தாயா என்று கேட்டேன். விலை ஏற்றித்தான் விற்க வேண்டும், ஆனால் என்னிடம் சீல் இருக்கிறது, இம்பெல்லர் இருக்கிறது, மற்றவர்களிடம் இல்லை என்றான்.

இன்று காலையில் ஃபாரம் எம் நகலை வாட்ஸ்ஆப்பில் அனுப்பினான். முதல் வேலையாக இரண்டு விரலால் பெரிதாக்கி அந்த இடத்தைப் பார்த்தேன். செல்லாது என்றுதான் இருக்கிறது. உடனே போன் செய்தேன். முழுப் பணமும் வந்த பிறகுதான் பெட்டி கட்டுவேன் என்றேன். "தெரியும் ஒகா, பாதி நேற்றே போட்டுவிட்டேன், மீதி வெள்ளிக்கிழமை" என்றான்.